மாணவர் எந்த வகுப்பு?

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நான் நலம். (இருமல் மட்டும் விருந்தாளி மாதிரி வந்து, வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.) அக்கா, உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுவதை நிறுத்தினாயா, இல்லை "இன்னைக்கு மட்டும்" என்ற பழைய பல்லவிதானா?

நான் அனுப்பிய போன கடிதத்தை அத்தான் சிவப்பு மையால் திருத்தி, வழக்கம்போல உன் பதிலோடு திருப்பி அனுப்பியது கிடைத்தது. ஆனால் இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு கோடு இழுத்து 'இதுவரை' என்று எழுதி நிறுத்தியிருக்கிறார். அச்சகத்தில் புரூஃப் பார்க்கும்போது டீ வந்தால் இப்படிக் கோடு போட்டுவிட்டு எழுந்திருப்பார் என்று தெரியும். டீயைக் குடித்துவிட்டு மீதியைப் பார்க்காமல் விட்டது இதுதான் முதல் தடவை. அத்தான், பாதிக் கடிதம் பாக்கி!

இப்போது வேலை விஷயம். வீட்டுக்கு வந்து பாடம் சொல்லித் தரும் ஆசிரியரைத் தேடித் தரும் இணையதளம் ஒன்றை எங்கள் ஆபீஸில் கட்டிக்கொண்டிருக்கிறோம். அதன் பக்கங்களை வடிவமைப்பது என் பொறுப்பு. முதல் பக்கத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இரண்டாம் பக்கத்திலேயே ஓடிவிடுகிறார்கள். ஏன் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. தலைவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்னம்மா, உங்க பக்கத்துல பேய் ஏதாவது இருக்கா?" என்கிறார். இந்த ஆண்டின் நடுவுக்குள் சரிசெய்யாவிட்டால் எங்கள் குழுவையே கலைத்துவிடுவார்கள்.

முப்பத்தைந்து வருடம் வகுப்பில் நின்றவள் நீ. உன் போனில் அந்தத் தளத்தைத் திறந்து, நீயே ஒரு ஆசிரியரைத் தேடுவதுபோலத் தேடிப் பார். எங்கே முட்டிக்கொள்கிறாய் என்று எழுது. (போனில் சொல்லாதே. "பேச்சைத் திருத்த முடியாதும்மா, எழுது" என்ற அத்தானின் சட்டத்தை நான் இன்னும் மீறவில்லை.)

அடைப்புக்குறிகளை அத்தான் இந்த முறையும் வெட்டுவார் என்று தெரியும். "சொல்லணும்னா வெளியே சொல்லு, இல்லேன்னா விட்டுடு. எதுக்கு உள்ள ஒளிஞ்சுக்கறே?" (என்ன செய்ய, பழகிவிட்டது.)

உன் அன்புத் தங்கை,
பாப்பா (எ) அடைப்புக்குறி


பிப்ரவரி 2
(தபாலில் சேர்க்காதது)

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ நலமாக இரு. இங்கே நலம் என்று எழுத வந்தேன். கை எழுதவில்லை.

உன் கடிதத்தில் அவர் 'இதுவரை' என்று கோடு போட்ட மறுநாள் காலையில் பேப்பரை விரித்தவர், என்னைக் கூப்பிட்டு, "ஏன் வேற பாஷைப் பேப்பரைப் போட்டுட்டுப் போயிருக்கான்?" என்று கேட்டார். நான் பார்த்தேன். எப்போதும் வருகிற பேப்பர்தான். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மூளையில் ஒரு சிறிய ரத்த அடைப்பு என்றார் டாக்டர். பேச்சு இருக்கிறது. கை கால் இருக்கிறது. கண்ணில் கோளாறு இல்லை. படிக்கிற இடம் மட்டும் போய்விட்டது. இதில் ஒரு கொடுமை சொல்கிறேன். அவரால் எழுத முடிகிறது. தன் பெயரை முத்து முத்தாக எழுதினார். காகிதத்தைத் திருப்பி அவரிடமே கொடுத்து, "இதைப் படிங்க" என்றார் டாக்டர். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது என்ன?" என்று என்னைக் கேட்டார்.

வாழ்நாளெல்லாம் மற்றவர் எழுத்தைப் படித்தே சாப்பிட்டவர், பாப்பா.

யாராவது பொறுமையாகத் திரும்பக் கற்றுக்கொடுத்தால் ஓரளவு வரலாம், வராமலும் போகலாம், முதல் சில மாதங்கள்தான் முக்கியம் என்கிறார் டாக்டர். ஆஸ்பத்திரியில் அதற்கு இருக்கும் ஒரே ஆளிடம் முறை வர ஒரு வருடம் ஆகுமாம். நான் ஆசிரியைதானே என்று ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டாம் நாள், "என்கிட்ட டீச்சர் குரல்ல பேசாதே" என்று புத்தகத்தை இரண்டாகக் கிழித்துவிட்டார். எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவளுக்குத் தன் வீட்டு மனிதருக்குச் சொல்லித்தர வழி தெரியவில்லை.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். உன் கடிதங்களைக்கூட வாசித்துக் காட்ட விடுவதில்லை. "அவ எழுதறது நான் படிக்கறதுக்கு. கேக்கறதுக்கு இல்ல."

அதனால் இதை அனுப்ப மாட்டேன். ஆனால் எனக்கு ஒரு ஆசிரியர் வேண்டும். நீ கட்டும் தளத்தில் தேடச் சொன்னாய். தேடுகிறேன்.

அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். இருமலுக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. முழங்கால் அதன் வேலையைச் செய்கிறது, நான் என் வேலையைச் செய்கிறேன்.

நீ கேட்டபடி தளத்தைப் பார்த்தேன். வெள்ளைப் பக்கத்தில் சாம்பல் எழுத்து வைத்திருக்கிறாய். தண்ணீரில் எழுதியது போல இருக்கிறது. ஏதாவது தவறாக நிரப்பினால் சிவப்பில் 'தவறான உள்ளீடு' என்று வருகிறது. எது தவறு என்று சொல்லவில்லை. வகுப்பில் நான் கற்றது ஒன்று உண்டு. "யாருக்குப் புரியலே?" என்று கேட்டால் ஒரு கையும் உயராது. "எந்த வரியைத் திரும்பச் சொல்லட்டும்?" என்று கேட்டால் பாதி வகுப்பு கை தூக்கும். முதல் கேள்வியில் மக்கு யார் என்று கேட்கிறோம். இரண்டாவதில் வரியைத்தான் குறை சொல்கிறோம். உன் பக்கம் முதல் கேள்வியைக் கேட்கிறது. அதனால்தான் ஓடுகிறார்கள்.

இரண்டாம் பக்கத்தில் 'மாணவர் எந்த வகுப்பு?' என்ற பெட்டி. ஒன்று முதல் பன்னிரண்டு வரை. வயதுப் பெட்டி பதினெட்டோடு நிற்கிறது. இரண்டையும் நிரப்பாமல் 'அடுத்து' என்ற பொத்தானுக்கு உயிர் வருவதில்லை. இதில் எனக்கு ஒரு சந்தேகம். எடுத்துக்காட்டாக, அறுபதைத் தாண்டிய ஒரு மனிதர் இருக்கிறார் என்று வைத்துக்கொள். நன்றாகப் படித்தவர்தான். உடம்புக்கு வந்து எழுத்தெல்லாம் மறந்துபோயிற்று. திரும்பக் கற்க வேண்டும். அவர் எந்த வகுப்பு? அவர் மனைவி உன் பக்கத்தில் எந்தப் பெட்டியைத் தொடுவாள்? சும்மா ஒரு எடுத்துக்காட்டுக்குத்தான் கேட்கிறேன். சீக்கிரம் பதில் எழுது.

உன் கடிதத்தை அத்தான் பார்த்துவிட்டார். இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இருமல் போய்விட்டது. (சொல்லிக்கொள்ளாமல்.) பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே, இங்கே தலைக்கு மேல் வெள்ளம்.

நீ பெரிய ஆள்! எழுத்தைக் கறுப்பாக்கினோம். 'தவறான உள்ளீடு' என்பதை எடுத்துவிட்டு, எந்த வரி, அதில் என்ன வேண்டும் என்று எழுதினோம். ஓடுகிறவர்கள் கணிசமாகக் குறைந்துவிட்டார்கள். தலைவர், "யாரும்மா உங்க அக்கா, அவங்களையே வேலைக்கு எடுத்துடலாமா?" என்கிறார்.

உன் எடுத்துக்காட்டு மனிதர் பாவம்தான். ஆனால் அக்கா, அவரைப்போல ஆயிரத்தில் ஒருவர் வரலாம். அவருக்காக ஒரு பெட்டி வைத்தால் மீதி எல்லா அம்மாக்களும் அந்தப் பெட்டியைத் தாண்டிப் போக வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் சிலர் ஓடிப்போகிறார்கள். நிறையப் பேருக்கு எது சுலபமோ அதைத்தான் செய்ய முடியும். அவர் வேறெங்காவது தேடிக்கொள்ளட்டும்.

இன்னொரு முக்கியச் செய்தி. அத்தான் என் கடிதத்தில் இரண்டு வரிக்குப் பக்கத்தில் டிக் போட்டிருக்கிறார்! இத்தனை வருடத்தில் முதல் பாராட்டு. அந்தப் பக்கத்தை ஆபீஸ் மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன். (அடைப்புக்குறிகளைக்கூட வெட்டவில்லை. மனிதர் இளகிவிட்டாரா?) ஞாயிற்றுக்கிழமை போனில் நன்றாகத்தான் பேசினார், டிக்கைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

அன்புடன்,
பாப்பா


மார்ச் 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அந்த எடுத்துக்காட்டு மனிதரை விட எனக்கு மனம் வரவில்லை. மேலே என்ன நடக்கும் என்று சொல்கிறேன், உன் வேலைக்கு உதவலாம்.

அவர் மனைவிக்கு வேறு எங்கும் ஆள் கிடைக்கவில்லை. உன் பக்கத்தைத் திறந்து வகுப்பு ஒன்று, வயது ஆறு என்று நிரப்பிவிட்டாள். அப்படி நிரப்பினால்தான் கதவு திறக்கிறது. ஆள் வந்த பிறகு விளக்கிச் சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள். மூன்றாம் நாள் ஒரு பெண் வந்தாள். கல்லூரி முடித்திருப்பாள். தோளில் பெரிய பை, கையில் மாட்டி ஆட்டுகிற முயல் பொம்மை.

"குழந்தை எங்க ஆன்ட்டி? தூங்கறானா?"

ஜன்னலோர நாற்காலியில் இருந்த மனிதர் எழுந்து வந்தார்.

"உக்காரும்மா. நான்தான் அந்த ஆறு வயசு. ஸ்கூல்ல சேத்துவிடக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

அந்தப் பெண் சிரித்தாள். அவரும் சிரித்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்து அவள் நிறுத்திக்கொண்டாள். "சாரி சார்… நான் சின்னப் பசங்களுக்கு மட்டும்தான்… எனக்கு இது தெரியாது" என்று பையைத் தூக்கிக்கொண்டு செருப்பை அவசரமாக மாட்டிக்கொண்டாள். முயலை மறந்துவிட்டாள்.

அவர் அந்த முயலை எடுத்துப் புத்தக அலமாரியின் மேல் உட்கார வைத்தார். "அடுத்த தடவை கடைக்குப் போறப்போ பால்புட்டியும் வாங்கிட்டு வந்துடு" என்று மனைவியிடம் சொன்னார். உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு வைத்த தட்டு அப்படியே இருந்தது. மறுநாள் வைத்ததும்.

இது எடுத்துக்காட்டுத்தான். ஆனால் இப்படியும் நடக்கலாம், இல்லையா? ஒரு பெட்டிதானே, பாப்பா. வைக்க முடியாதா?

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: உன் கடிதம் திருத்தி வைத்திருக்கிறேன். வைத்திருக்கிறார்.


ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

உன் கடிதத்தை அலுவலகக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தோம்! "ஸ்கூல்ல சேத்துவிடக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்ற இடத்தில் தலைவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மனிதருக்கு 'ஆறு வயசு சார்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். படம் வரைகிற பையன் ஒருவன் பலகையில் அவரை முயலோடு வரைந்திருக்கிறான். யாராவது புதிதாகப் பெட்டி வைக்கலாம் என்றால், "ஆறு வயசு சாருக்கா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுகிறார்கள். நீ டீச்சராக இருந்ததற்குப் பதில் கதை எழுதப் போயிருக்கலாம்.

(பெட்டி வைக்க முடியாது, அக்கா. கேட்டுப் பார்த்தேன்.)

இந்த முறை மூன்று டிக்! அத்தானிடம் சொல், டிக் மட்டும் போதாது, ஒரு வரியாவது கைப்பட எழுத வேண்டும். கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பாப்பா


மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் இந்தக் கடிதம்.

என் ஏப்ரல் கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. போன் செய்தால், "அவர் குளிக்கிறார்" என்கிறாய். போன ஞாயிறும் குளித்தார், அதற்கு முந்தின ஞாயிறும் குளித்தார். என்ன, ஆற்றிலா குளிக்கிறார்? நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? எழுதியிருந்தால் எந்த வரி என்று சொல்லக்கூடாதா?

பாப்பா


மே 29

பாப்பாவுக்கு,

நலம். வெயில் அதிகம், அதனால் எழுதவில்லை. நீ தப்பாக ஒன்றும் எழுதவில்லை. உன் ஏப்ரல் கடிதம் இத்துடன்.

நீ கேட்டபடி அத்தான் ஒரு வரி எழுதியிருக்கிறார். கீழே பார்.

அக்கா

அடைப்புக்குறிக்கு நான் நலம் அத்தான்


ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் வரி கிடைத்தது. அது உன் கையெழுத்தின் மேலேயே ஏறி ஓடுகிறது. 'அக்கா' என்ற சொல்லின் நடுவில் 'நலம்' உட்கார்ந்திருக்கிறது. முற்றுப்புள்ளி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எழுதியதுபோல இருக்கிறது. ஒரு புள்ளி விட்டுப்போனால் தாளையே திருப்பி அனுப்புகிறவர் அத்தான்.

பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துத் தரையில் பரப்பினேன். இத்தனை வருடச் சிவப்பு மை. வெட்டு, சுழி, ஓரத்தில் குறி. ஒரு டிக் கூட இல்லை, அக்கா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரிடம் கேட்டது ஞாபகம் வந்தது. "நல்லா இருக்கிற வரிக்கு ஒண்ணுமே போட மாட்டீங்களா அத்தான்?" என்றேன். "சரியா இருக்கிறதைத் தொடாம விடறதுதாம்மா எங்க தொழில்ல பாராட்டு" என்றார். புரூஃப் பார்க்கிறவர் சரியானதைத் தொட மாட்டார். சரியானதுக்கு டிக் போடுகிறவர் டீச்சர். வால் நீண்ட அந்த டிக், உன் விடைத்தாள் டிக். அதைத்தான் நான்கு மாதமாக மேசையில் ஒட்டி வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன்.

என் ஏப்ரல் கடிதத்தில் 'விழுந்து விழுந்து சிரித்தோம்' என்ற வரிக்குப் பக்கத்தில் தாள் நைந்திருக்கிறது. அங்கே நீ எதையும் எழுதவில்லை. ஈரத்தைத் துடைத்திருக்கிறாய்.

எடுத்துக்காட்டு மனிதர் அத்தானா?

ஆமாம், இல்லை என்று மட்டும் எழுது. கிளம்பி வந்துவிடட்டுமா?

பாப்பா


ஜூன் 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஆமாம்.

பிப்ரவரியில் எழுதி அனுப்பாமல் வைத்த கடிதத்தை இத்துடன் சேர்த்திருக்கிறேன். அதில் எல்லாம் இருக்கிறது. சத்தியத்தை மீறிவிட்டேன். மீறாமல் இருந்து என்ன கண்டேன்?

முயலோடு வந்த பெண் போனதிலிருந்து அவர் யாரையும் பார்ப்பதில்லை. அலமாரியில் இருக்கும் புத்தகங்களை எல்லாம் முதுகு உள்ளே போகும்படி திருப்பி வைத்துவிட்டார். சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றச் சொன்னார். மருந்துச் சீட்டைப் பார்க்கும்படி ஆகிவிடும் என்று மருந்தை நான் கையில் கொடுத்தால்தான் போட்டுக்கொள்கிறார். அச்சகத்திலிருந்து பழைய சிநேகிதர் ஒருவர் வந்தார். கதவைத் திறக்கவில்லை. போன வாரம் சிவப்புப் பேனாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "இனிமே இது உனக்குத்தான் உபயோகம்" என்றார். நான் டிக் போட்டது அவருக்குத் தெரிந்திருக்கிறது, பாப்பா.

சிரித்ததை நினைத்து அழாதே. உனக்குத் தெரியாது. நான்தானே தெரியாதபடி எழுதினேன்.

நீ வராதே. வந்தால் நான் சொல்லிவிட்டேன் என்று புரிந்துகொள்வார். இருக்கிற கொஞ்ச நஞ்சமும் போய்விடும். டாக்டர் சொன்ன முதல் மாதங்கள் கழிந்துவிட்டன. இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் எழுந்தால் அவர் எழுந்திருப்பாரா என்று முதலில் கதவோரம் நின்று மூச்சைக் கேட்கிறேன். ஒரு ஆள் வேண்டும். வீட்டு ஆள் இல்லை. கற்றுக்கொடுக்கத் தெரிந்த வெளி ஆள். அப்படி ஒருவர் எங்கோ இருக்கத்தான் செய்வார். அந்த ஆளுக்கும் எங்களுக்கும் நடுவில் உன் பெட்டி நிற்கிறது.

அக்கா


ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்கத் துணிவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கூட்டத்தில் எழுந்து நின்று, 'ஆறு வயசு சார்' என் அத்தான் என்று சொன்னேன். பலகையில் அந்தப் படம் அப்போதும் இருந்தது. வரைந்த பையன் எழுந்துபோய்த் தன் சட்டைக் கையாலேயே அழித்தான். தலைவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "என்ன செய்யணும்மா?" என்று கேட்டார்.

வகுப்புப் பெட்டியை எடுத்துவிட்டேன். வயதுப் பெட்டியையும். இப்போது இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு காலியிடம்தான். மேலே ஒரு கேள்வி: 'யாருக்கு, என்ன கற்க வேண்டும்? உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்.' ஆசிரியர்கள் அதைப் படிப்பார்கள்; தன்னால் முடியும் என்று நினைப்பவர் கை தூக்குவார். நீ வகுப்பில் கேட்ட கேள்விதான், அக்கா, வேறு ஒன்றும் இல்லை. தலைவர் சில வாரம் சோதனைக்கு விட்டிருக்கிறார். ஆட்கள் ஓடினால் பழைய பக்கமே திரும்பி வரும். நானும் வேறு வேலை தேடுவேன். அதனால் இன்றைக்கே நிரப்பு. எடுத்துக்காட்டு எழுதாதே. உள்ளதை எழுது.

அத்தானுக்குத் தனியாக ஒரு கடிதம் ஒட்டி வைத்திருக்கிறேன். கொடு. வாசித்துக் காட்டாதே.

பாப்பா


செப்டம்பர் 21

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் முழங்கால் வீங்கியிருக்கிறது. அதைச் சொல்லும் அளவுக்கு இன்று மனம் லேசாக இருக்கிறது.

நிரப்பினேன். 'என் கணவருக்கு. எழுத முடிகிறது, எழுதியதைப் படிக்க முடியவில்லை. திரும்பப் படிக்க வேண்டும்.' எழுதிவிட்டு அனுப்பும் பொத்தானைத் தொட அரை மணி நேரம் ஆயிற்று. பல நாள் ஒருவரும் வரவில்லை. பிறகு ஒரு அம்மாள் கை தூக்கினாள். மனதில் எழுத்து நிற்காத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவளாம். 'எழுத முடியும் என்றால் கை வழியாகப் போய்ப் பார்க்கலாம். உறுதி சொல்ல மாட்டேன்' என்று எழுதியிருந்தாள். உறுதி சொல்ல மாட்டேன் என்றதால்தான் நம்பினேன்.

முதல் இரண்டு முறை அவர் அறைக் கதவைத் திறக்கவில்லை. அவள் வெளியே உட்கார்ந்து என்னோடு டீ குடித்துவிட்டுப் போனாள். மூன்றாம் முறை கதவின் அடியில் ஒரு தாளும் பென்சிலும் தள்ளினாள்.

"சார், நீங்க படிக்க வேண்டாம். எழுதுங்க. நான் படிச்சுக்கறேன்."

கொஞ்ச நேரம் கழித்துத் தாள் திரும்பி வந்தது. 'போ' என்று எழுதியிருந்தது.

அவள் கலங்கவில்லை. பையிலிருந்து உப்புத்தாளை எடுத்து, அவர் எழுதிய அதே சொல்லை அதே வடிவத்தில் வெட்டி, அட்டையில் ஒட்டி உள்ளே தள்ளினாள். "கண்ணை மூடிக்கிட்டு விரலால தடவிப் பாருங்க சார். உங்க கையைக் கேளுங்க, அது என்ன எழுத்துன்னு அது சொல்லும்."

அவள் கிளம்ப எழுந்தபோது அவர் குரல் கேட்டது.

"போ."

அவளைப் போகச் சொல்கிறார் என்று நினைத்து நான் எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "போகச் சொல்லலே, அம்மா. படிக்கறார்."

கதவு திறந்தது. அந்த அட்டையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். "பிழை இல்ல" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு எழுத்தை உள்ளங்கையில் வரைந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார். ஒரு சொல்லுக்குள் வேர்த்துவிடுகிறது. நேற்று கற்றது இன்று இல்லாமல் போகிறது. போன வாரம் அட்டைகளை எல்லாம் விசிறி எறிந்தார். அந்த அம்மாள் பொறுக்கி அடுக்கினாள், அவ்வளவுதான். பேப்பர் இன்னும் பிரிக்காமல்தான் கிடக்கிறது. திரும்பப் பழையபடி படிப்பாரா என்றால் டாக்டர் வேறு எங்கோ பார்க்கிறார். உன் பக்கம் நிலைக்குமா என்றும் நீ எழுதவில்லை. நிலைக்காவிட்டாலும், பொறுக்கி அடுக்குகிற ஒருத்தி இந்த வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: நீ அவருக்கு எழுதிய கடிதத்தை நான் தொடவில்லை. ஒவ்வொரு நாளும் ஜன்னலோரம் உட்கார்ந்து, உள்ளங்கையில் வரைந்து வரைந்து பார்க்கிறார். என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டால் மறைத்துக்கொள்கிறார். நேற்று சிவப்புப் பேனாவை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார். இன்று காலை கடிதத்தை என்னிடம் கொடுத்து, உனக்கு அனுப்பச் சொன்னார். அப்போதுதான் பார்த்தேன். 'அன்புள்ள அத்தானுக்கு, உங்களைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி (தெரியாமல்தான்)' என்று தொடங்கியிருக்கிறாய். சிரித்ததைச் சொல்லும் வரியை அவர் தொடவில்லை. அடைப்புக்குறி இரண்டையும் மட்டும் வெட்டியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "அது உள்ள ஒளிஞ்சிருக்க வேண்டிய வார்த்தை இல்ல" என்றார். அடுத்த வரியிலிருந்து இன்னும் படிக்கவில்லை. கொஞ்சம் கோணலாக ஒரு கோடு இழுத்து, கீழே எழுதியிருக்கிறார்:

இதுவரை.